தென்னை நார்க்கழிவை மட்க வைத்து இடுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் ஆலைகளைச் சுற்றி, பழுப்பு நிறத் தூள் மலைபோலக் குவிந்து கிடக்கும். அதுதான் நார்க்கழிவு. தன் எடையைப்போல ஐந்து மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் தன்மை அதற்கு உண்டு. ஆனாலும், ஆலையிலிருந்து வந்தபடியே வயலில் கொட்டினால் பயிர் வெளிறிவிடும்.

ஏன் அப்படி?

பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 112 பங்கு கரிமம் இருக்கிறது. அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிரிகளுக்குத் தழைச்சத்து தேவை. கழிவில் அது போதாததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. பயிருக்குப் பற்றாக்குறை ஏற்படுகிறது. மேலும், இந்தத் தூளில் 30 சதவீத அளவுக்கு லிக்னின் என்ற கடினப் பொருள் உண்டு. எளிதில் மட்காததற்கு அதுவே காரணம். லிக்னினைச் சிதைப்பதில் சிப்பிக் காளான் கெட்டிக்காரப் பூஞ்சை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த முறை இந்தப் பூஞ்சையை நம்பியே அமைந்தது.

செய்முறை

ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் வேண்டும். குழி தேவையில்லை, தென்னை மர நிழலே போதும். நார் நீக்கிச் சலித்த கழிவை 100 கிலோ பரப்பி நன்றாக நனையுங்கள். மேலே ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ பரப்பி, ஒரு கிலோ யூரியா தூவுங்கள். இப்படி மாற்றி மாற்றி பத்து அடுக்கு போட்டால் ஒரு டன் முடிந்துவிடும். யூரியா வேண்டாம் என்பவர்கள் டன்னுக்கு 200 கிலோ கோழி எருவைக் கலக்கலாம்.

ஈரப்பதம் 60 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. காற்று புகுவதற்காக 10 நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஏறக்குறைய 60 நாளில் மட்கிவிடும். நிறம் கறுத்து, குவியல் தாழ்ந்து, சூடு தணிந்து, மண்வாசனை வந்தால் உரம் தயார். அப்போது கரிமத்தின் பங்கு 112-லிருந்து 24 அளவுக்குக் குறைந்திருக்கும்.

எவ்வளவு இடலாம்?

ஏக்கருக்கு 2 டன், கடைசி உழவுக்கு முன் அடியுரமாக இடலாம். நாற்றங்கால் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் நிற்கும். களிமண் இளகிக் காற்றோட்டம் கூடும். உவர்நீரில் ஊறிய மட்டையின் கழிவு என்றால் உப்பு மிகுந்திருக்கும். அதை நல்ல நீரில் கழுவிய பிறகே மட்க வையுங்கள்.

இந்த உரத்தில் தழைச்சத்து சுமார் 1 சதவீதம்தான். ஆகவே இது மண்ணைத் திருத்தும் பொருளே தவிர, பயிருக்கான முழு உரம் அல்ல. மண் பரிசோதனை சொல்லும் மற்ற உரங்களை நிறுத்திவிடாதீர்கள்.