விரைவும் வெப்பமும்

திருத்தணிகை மலையின் அடியில் நின்று மேல்நோக்குவார்க்கு முதலில் கண்ணில் படுவன படிகளே. அவை 365, ஓர் ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்பர். ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் அங்குப் படித்திருவிழா நிகழ்கின்றது. அப்படிகளில் நின்று நிதானித்து ஏறும் முதியவரும் உச்சியை அடைகின்றார். ஓடி ஏறும் இளைஞனும் அடைகின்றான். இருவரும் ஏறிய படிகள் ஒன்றே. ஆயினும் இளைஞனுக்கு நெஞ்சு படபடக்கின்றது. உடல் வியர்வையில் நனைகின்றது. விரைவு மிகும்போது வெப்பமும் மிகுகின்றது. இந்த எளிய உண்மையே கணினியின் இயக்கத்திலும் அமைந்துள்ளது.

திருத்தணி ஆந்திர எல்லையை அடுத்த ஊர். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அது சித்தூர் மாவட்டத்தினின்றும் பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் இன்றும் அங்கு ஒருங்கே ஒலிக்கின்றன. அவ்வூரிலிருந்து மின்சார ரயிலில் ஏறிச் சென்னையை அடைந்து, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் செல்வது இளைஞர்க்கு எளிது. கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பொருத்திக்கொள்ள விரும்புவோர்க்கு அத்தெரு பெரியதொரு சந்தை. விளையாட்டுக்கென விரைந்தியங்கும் கணினி ஒன்றை அமைக்க வேண்டும் என்பது இளைஞர் பலரின் அவா. அவர்தம் கையில் இருப்பதோ பெற்றோர் பல திங்கள் வருந்திச் சேர்த்த பொருள். அப்பொருள் வீணாகாதிருக்க வேண்டுமாயின், எதை வாங்குவது என்பதற்கு முன் எது எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

கணினிக்கு மூளையாய் விளங்குவது செயலி. அதன் உறுப்புகளையெல்லாம் இணைத்து, அவற்றுக்கு மின்சாரத்தையும் செய்தியையும் பகிர்ந்தளிப்பது தாய்ப்பலகை. செயலி தன் பணிகளை ஒரு துடிப்புக்கு ஏற்ப ஒழுங்காகச் செய்கின்றது. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலி நொடிக்கு 7,40,000 முறை துடித்தது. இன்றைய விளையாட்டுக் கணினியின் செயலி நொடிக்கு 500 கோடி முறை துடிக்க வல்லது. இதனை 5 கிகாஹெர்ட்ஸ் என்பர். தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். செயலி அதனை 50 என்னும் பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்ளும்போது 5 கிகாஹெர்ட்ஸ் ஆகின்றது. உற்பத்தியாளர் குறித்த இவ்வேகத்துக்கு மேலாகச் செயலியை இயக்குவதே ஓவர்கிளாக்கிங் எனப்படும் மிகைவேக இயக்கம்.

இம்முறை புகழ்பெறக் காரணமாய் இருந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் செலரான் 300ஏ என்னும் விலை குறைந்த செயலி வெளிவந்தது. அதன் பெருக்கெண் 4.5, அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், ஆகவே அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பை மட்டும் 100ஆக உயர்த்தினால் அதன் வேகம் 450 ஆயிற்று. அச்செயலிகளுட் பல அவ்வேகத்தையும் தாங்கின. குறைந்த விலையில் ஒன்றரை மடங்கு வேகம் கிடைத்தது கண்டு மக்கள் வியந்தனர். ஆனால் அக்காலம் நீடிக்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை அதே நிறுவனம் 2004ஆம் ஆண்டில் கைவிட்டது. துடிப்பை மேன்மேலும் உயர்த்துவதால் எழும் வெப்பம் பெருந்தடையாய் நின்றது. அது முதல் ஒரே சில்லில் பல செயற்கருக்களை அமைக்கும் வழியே பெருவழியாயிற்று.

வெப்பம் எவ்வாறு மிகுகின்றது? செயலி கொள்ளும் மின்திறன் அதன் துடிப்பெண்ணுக்கு நேர்விகிதத்தில் வளரும். மின்னழுத்தத்துக்கோ அதன் இருமடி விகிதத்தில் வளரும். துடிப்பை உயர்த்தும்போது, தடுமாற்றமின்றி இயங்குவதற்காக மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டி நேர்கின்றது. துடிப்பைப் பத்து விழுக்காடும் மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடும் உயர்த்துவதாகக் கொள்வோம். 1.1 என்னும் எண்ணை மும்முறை பெருக்கின் 1.331 வரும். பெற்ற வேகம் பத்து விழுக்காடு; அதற்குக் கொடுத்த விலை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிகுதியான வெப்பம். இக்கணக்கை அறியாதவர் வேகத்தை மட்டுமே காண்பர். வெப்பத்தைப் பின்னரே உணர்வர்.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அறிய வேண்டுவது அதன் பெருக்கெண் பூட்டப்பட்டதா, திறந்ததா என்பது. இன்டெல் நிறுவனத்தின் மேசைக் கணினிச் செயலிகளில் பெயரின் இறுதிப் பகுதியில் 'கே' என்னும் எழுத்துடையவை திறந்த பெருக்கெண் உடையவை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலிகளுள் பெரும்பாலானவை திறந்தவையே. எனினும் விலக்குகள் உண்டு. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்பது அவற்றுள் ஒன்று. அதன் பெருக்கெண் பூட்டப்பட்டது; அதன் உச்ச வேகமும் 4.5 கிகாஹெர்ட்ஸே. அதன் உடன்பிறப்பாகிய 5800எக்ஸ் என்பதன் வேகமோ 4.7 கிகாஹெர்ட்ஸ். ஆயினும் பல விளையாட்டுகளில் வேகம் குறைந்த செயலியே முந்தியது. காரணம் யாது? விரைவில் எடுக்கத்தக்க நினைவகம் முன்னதில் 96 மெகாபைட். பின்னதில் 32 மெகாபைட். வேண்டிய பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருப்பின், அதனைத் தேடி ஓட வேண்டிய தேவை இல்லை அன்றோ? ஆகவே துடிப்பெண் ஒன்றையே கொண்டு செயலியின் தகுதியை அளத்தல் பிழையாகும்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விளையாட்டில் திரையில் தோன்றும் காட்சிகளைத் தீட்டுவது பெரும்பாலும் வரைகலை அட்டையின் பணி. திரையின் நுணுக்கம் மிக மிக அதன் சுமையும் மிகும். அது தளர்ந்திருக்கும்போது செயலியை எவ்வளவு விரட்டினும் பயன் சிறிதே. வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளுள் ஒன்று தளர்ந்து நிற்க, மற்றொன்றை மட்டும் அடித்து ஓட்டுவது போன்றது அது. மேலும் இக்காலச் செயலிகள் தம் வெப்பத்தையும் மின்திறனையும் தாமே அளந்து, இயன்ற அளவு வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. ஆதலின் மனிதன் கூட்டத்தக்க மிகைவேகம் முன்னாளினும் மிகக் குறைவு.

செயலியைத் தேர்ந்த பின்னர்த் தாய்ப்பலகையைத் தேர்தல் முறை. செயலி அமரும் இருக்கையை முதலில் நோக்க வேண்டும். எல்.ஜி.ஏ. 1700 என்பது 1,700 தொடுமுனைகள் உடையது, ஏ.எம்.5 என்பது 1,718 முனைகள் உடையது. ஒன்றுக்குரிய செயலி மற்றொன்றில் பொருந்தாது. அடுத்து நோக்க வேண்டுவது சில்லுத் தொகுதியின் வகை. இன்டெல் செயலியின் பெருக்கெண்ணை மாற்ற விரும்புவோர்க்கு 'இசட்' வரிசைப் பலகை வேண்டும். 'பி', 'எச்' வரிசைகள் அதற்கு இடந்தருவதில்லை. ஏ.எம்.டி. செயலிக்கு 'எக்ஸ்' வரிசையும், 'பி' வரிசையுள் பெரும்பாலானவையும் இடந்தரும். 'ஏ' வரிசை இடந்தராது. திறந்த செயலியை மிகுவிலை கொடுத்து வாங்கிப் பூட்டிய பலகையில் அமர்த்துவோர், சாவி இருந்தும் கதவைத் திறக்க இயலாதவர் ஆவர்.

தாய்ப்பலகையில் யாவரும் காணத் தவறும் உறுப்பு மின்னழுத்தச் சீராக்கி. மின்வழங்கியிலிருந்து வரும் மின்சாரம் 12 வோல்ட் அழுத்தமுடையது. செயலிக்கு வேண்டுவதோ ஏறத்தாழ 1.25 வோல்ட். இம்மாற்றத்தைச் செய்வது சீராக்கியே. செயலி 200 வாட் திறனைக் கொள்ளும்போது, 1.25 வோல்ட் அழுத்தத்தில் 160 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் அமைக்கும் பெரிய மின்செருகி தாங்குவது 16 ஆம்பியர். அதனினும் பத்து மடங்கான மின்னோட்டம் உள்ளங்கை அளவான இடத்தில் பாய்கின்றது! தேரைப் பலர் கூடி வடம் பிடித்து இழுப்பது போலச் சீராக்கியின் பல பிரிவுகள் இச்சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். பத்தாகப் பிரிந்து பாயின் மொத்த வெப்பம் பத்திலொன்றாகக் குறையும். ஆதலின் சீராக்கியின் பிரிவுகள் போதியனவா, அவற்றின்மேல் வெப்பத்தை வெளிவிடும் உலோகக் கட்டைகள் உளவா என்று பார்த்தே பலகையை வாங்க வேண்டும். பலகையின் வண்ண விளக்குகள் கண்ணைக் கவரலாம், சுமையைத் தாங்கா. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி. செயலிக்குத் தகுந்த சீராக்கி என்பது இங்குக் கொள்ளத்தக்கது.

இனி, ஊரின் தட்பவெப்பத்தையும் கருதுதல் வேண்டும். விசிறியால் குளிர்விப்பினும், நீர்க்குழாயால் குளிர்விப்பினும், செயலியின் வெப்பம் இறுதியில் அறையின் காற்றிலேயே கலக்கின்றது. அக்காற்றினும் குளிர்ந்த நிலையை இவற்றால் அடைய இயலாது. 25 பாகை செல்சியஸ் உள்ள அறையில் ஒரு செயலி முழுச்சுமையில் 80 பாகையை எட்டுமாயின், வேறுபாடு 55 பாகை. அதே செயலி 38 பாகை உள்ள அறையில் ஏறத்தாழ 93 பாகையை எட்டும். ரைசன் 7000 வரிசைச் செயலிகள் பலவற்றுக்கு வெப்ப வரம்பு 95 பாகை. வரம்பை எட்டியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோடையில் திருத்தணியின் வெயில் 40 பாகையைக் கடத்தல் புதிதன்று. மார்கழிக் குளிரில் செம்மையாக இயங்கிய கணினி, அக்கினி நட்சத்திர நாளில் தளர்ந்து போவதன் காரணம் இதுவே. குளிர்நாட்டில் வாழ்வோர் கண்ட எண்களை அப்படியே பின்பற்றுவது இவ்வூருக்குப் பொருந்தாது. மே மாதத்துப் பிற்பகலில் எவ்வேகம் நிலைக்கின்றதோ, அதுவே இவ்வூர்க் கணினியின் உண்மையான வேகம்.

வேகத்தை உயர்த்தும் முறையிலும் பொறுமை வேண்டும். ஒரே நாளில் ஒரே தொகுதியில் உருவான இரண்டு செயலிகளும் ஒரே அளவு தாங்குவதில்லை. ஆதலின் 100 மெகாஹெர்ட்ஸ் அளவாகப் படிப்படியே உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் முழுச்சுமை கொடுத்து நெடுநேரம் சோதித்து, வெப்பமானியை நோக்கி மேற்செல்ல வேண்டும். கணினி நின்றுவிடின் ஒரு படி இறங்குதல் நன்று. பலகையிலுள்ள வட்ட மின்கலத்தைச் சற்றுநேரம் எடுத்து வைப்பின், பெரும்பாலான பலகைகளில் அமைப்புகள் பழைய நிலைக்கு மீளும். ஆனால் மிகுந்த மின்னழுத்தத்தால் தேய்ந்த செயலி மீளாது. மிகைவேகத்தால் நேரும் சேதத்துக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதமும் பொதுவாகச் செல்லாது.

மின்னழுத்தம் எத்துணைக் கொடியது என்பதை உற்பத்தியாளரும் பட்டறிந்துள்ளனர். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நலிவுற்றன. 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதனை ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை மேலும் ஈராண்டு நீட்டித்தது. 2023ஆம் ஆண்டில் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில தாய்ப்பலகையிலேயே கருகியபோது, ஏ.எம்.டி. நிறுவனம் ஒருவகை மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என வரம்பு வகுத்தது. பயன்படுத்துவோர் கைவைக்காதபோதே இத்தீங்கு நேரக்கூடுமாயின், கைவைப்போர் எவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும்! தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தலும் அவ்விழிப்பின் ஒரு பகுதியே.

விரைவே எல்லாப் பணிக்கும் வேண்டும் சிறப்பன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் பெயரில் நம் நாட்டுச் செயலிகள் வடிவமைக்கப்படுகின்றன. அவ்வழியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துடன் கூடி உருவாக்கிய 'ஐரிஸ்' என்னும் சில்லு 2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. அது சண்டிகரில் உருவாயிற்று. அதற்குரிய தாய்ப்பலகை சென்னையில் ஒருங்கிணைக்கப்பட்டது. விண்ணிற்குச் செல்லும் கருவியைப் பழுது பார்க்க ஆளில்லை. அங்கு வேண்டப்படுவது முந்தும் வேகம் அன்று, தவறாமை.

விளையாட்டுக்கெனக் கணினி அமைக்கும் இளைஞனும் இதனை நினைவிற் கொள்வது நன்று. தன் பொருளின் அளவு, தன் ஊரின் வெயில், தன் கருவியின் தாங்குதிறன் ஆகிய மூன்றையும் அறிந்து வாங்குபவன் பல்லாண்டு பயன் பெறுவான். மலைப்படிகளில் ஓடி ஏறுவது குற்றமன்று. தன் மூச்சின் அளவறிந்து ஓடுபவனே உச்சியை அடைந்து, அங்கு வீசும் காற்றையும் நின்று நுகர்வான்.