பதின்மூன்றாம் வயதில் பற்களைப் பேணுவார் யார்?

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று நம் முன்னோர் வீட்டுக்கு வீடு சொல்லி வைத்தனர். பல்லைப் பேணும் அறிவு நூல்களைக் காட்டிலும் குடும்பத்தின் வாயிலாகவே பிள்ளைக்கு வந்தது. இன்றும் அவ்வாறே வருகின்றது. வருவது நல்லறிவா, தவறான அறிவா என்பதே நாம் சிந்திக்கவேண்டியது.

பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்க நம் நாட்டில் நல்லதோர் ஏற்பாடு உண்டு. 1950களில், கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசிலாந்தின் உதவியோடு பாடசாலைப் பல் தாதியரைப் பயிற்றும் நிலையம் மகரகமவில் நிறுவப்பெற்றது. அவர்தம் வழிவந்த பல் சிகிச்சையாளர் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைக் கவனிக்கின்றனர். அதன்பின் பிள்ளை அப்பராமரிப்பிலிருந்து விலகுகின்றது. விழுந்தால் மீண்டும் முளையாத இரண்டாம் கடைவாய்ப் பற்கள் அப்பொழுதுதான் முளைத்திருக்கும். கையிற் சில்லறைக் காசும் தோழர் கூட்டமும் வந்து சேர்வதும் அவ்வயதிலேயே.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவரை நோக்குக. ஒருவர் குளிர்பானம் வாங்கினால் மற்றவரும் வாங்குவர். 2016 முதல் குளிர்பானப் போத்தல்களிற் சீனியின் அளவை உணர்த்தும் நிறக்குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்படின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையின் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். இரசாயனச் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவர் பலர் இக்குறியைப் பார்ப்பதில்லை; பார்க்கவேண்டுமென வீட்டில் எவரும் காட்டியதுமில்லை. வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் மேலுறையாகிய மிளிரியை அரிக்கின்றது. பருகுந்தோறும் இவ்வரிப்பு நிகழும்.

வீட்டின் பாடம் இன்னும் ஆழமானது. பல்லைப் பிடுங்குவதற்கு மட்டுமே தந்தையார் வைத்தியரிடம் சென்றால், நோவு வந்த பின்பே வைத்தியரை நாடவேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்கின்றது. அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து பாக்குத் துண்டொன்றை எடுத்து வாயிலிடும் பேரனைக் கண்டு, “புகையிலை இல்லைத்தானே” என்று சிரித்துவிடுகின்றோம். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், ஏன், பாக்கு மட்டுமேகூட, புற்றுநோயை உண்டாக்கவல்லவை என உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே. மங்கலப் பொருளாகப் பாக்கு தட்டில் இருக்கட்டும். பிள்ளையின் வாயில் வேண்டா.

பெற்றோர் செய்யத்தக்கவை பெருஞ்செலவுடையன அல்ல. காலையிலும் படுக்கைக்கு முன்னும் புளோரைட் கலந்த பற்பசையால் இரண்டு நிமிடம் குடும்பத்தார் யாவரும் பல் துலக்குவோம். பசையைத் துப்பியபின் நீர்விட்டுக் கொப்பளியாதிருந்தால், புளோரைட் பல்லிற் தங்கி அதனை உறுதிப்படுத்தும். முரசிலிருந்து இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தாது வைத்தியரிடம் காட்டுவோம். பதின்மூன்று வயதுப் பிள்ளையை நோவில்லாத நாளிலேயே பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். அங்கே கேட்கவேண்டியவற்றைப் பிள்ளையே கேட்டறியட்டும்; அறிந்ததை வீட்டில் மூத்தோர்க்கும் எடுத்துரைக்கட்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் இவ்வழக்கங்கள் இல்லையெனின், அவற்றை முதலிற் கொண்டுவருவோர் நீங்களாகவே இருக்கலாம். நாளை உங்கள் பிள்ளைகள் உங்களைப் பார்த்தே கற்பர்.