சுவருக்குப் பின்னே ஒரு பெயர்!

30 அறைகளுக்கு வழி கண்டவர்களுக்குக் கிடைத்த புதையல்

ஒரு சின்னஞ்சிறு சதுரம். அதுதான் கதாநாயகன்!

அவனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஆனாலும் வாள் எடுக்கிறான். டிராகனைக் கொல்கிறான். கோட்டைக் கதவைத் திறக்கிறான்.

இந்த வீடியோ விளையாட்டின் பெயர் "அட்வென்ச்சர்". அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி இதை 1980-ம் ஆண்டு வெளியிட்டது. டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து விளையாட வேண்டும்.

மந்திரக் கிண்ணம் ஒன்று காணாமல் போய்விட்டது. அதைத் தேடி எடுத்து, மஞ்சள் கோட்டைக்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் கதை.

வழி தெரியாத ஊர்

மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று 3 கோட்டைகள். நடுவே சுற்றிச் சுற்றி வரும் புதிர்ப் பாதைகள். எல்லாம் சேர்ந்து 30 அறைகள்.

ஆனால், திரையில் ஒரு நேரத்தில் ஓர் அறைதான் தெரியும். ஓரத்தைத் தாண்டினால் அந்த அறை மறைந்துவிடும். அடுத்த அறை வந்து நிற்கும். சில அறைகளிலோ ஒரே இருட்டு! தன்னைச் சுற்றிச் சிறிது தூரத்துக்குத்தான் வெளிச்சம்.

முழு ஊரையும் யாரும் ஒன்றாகப் பார்க்க முடியாது. மனத்துக்குள்தான் கட்ட வேண்டும்.

நான்கு எண்கள்

இந்த அறைகள் எப்படி இணைந்திருக்கின்றன? ரகசியம் எளியது.

ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண் உண்டு. அதோடு மேலும் நான்கு எண்கள். மேலே போனால் எந்த அறை, கீழே போனால் எந்த அறை, இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று அவை சொல்லும். கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதனால், அறைகளை ஒரு நிஜ ஊரைப்போல அடுத்தடுத்து வைத்து வரைய முயன்றால் சரியாகப் பொருந்தாது. நீலப் புதிர்ப் பாதையில் பலரும் திண்டாடியது இதனால்தான்.

இதற்கு வழி என்ன? ஒரு தாளும் பென்சிலும் போதும். அறைக்கு ஒரு கட்டம் போட வேண்டும். எந்த வாசல் எந்த அறைக்குப் போகிறது என்று கோடு இழுக்க வேண்டும். தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இணைப்புதான் முக்கியம்.

குழப்பமான அறையில் ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வைக்கலாம். ஆனால் எச்சரிக்கை! வௌவால் ஒன்று வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

விளையாட்டில் 3 படிகள் உண்டு. மூன்றாவது படியில் சாவி, வாள் எல்லாம் ஒவ்வொரு முறையும் இடம் மாறும். பாதை மட்டும் மாறாது. பாதையை அறிந்தவனுக்கே வெற்றி.

பெயர் போடக்கூடாது!

இந்த ஊரைக் கட்டியவர் வாரன் ராபினெட் என்ற இளைஞர். விளையாட்டைச் செய்தவர் தனி ஒருவரே. ஆனால், செய்தவர் பெயரைப் போடும் வழக்கம் அந்தக் கம்பெனியில் இல்லை.

ராபினெட் சண்டை போடவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார்.

கறுப்புக் கோட்டையின் புதிர்ப் பாதையில், வாசலே இல்லாத ஒரு சிறிய இடம் உண்டு. மந்திரப் பாலத்தை வைத்துத்தான் அதற்குள் நுழைய முடியும். அங்கே ஒரு புள்ளி. தரையின் சாம்பல் நிறமே அதற்கும். கண்ணுக்கே தெரியாது!

அதை எடுத்து, மஞ்சள் கோட்டைக்குக் கீழே வலப்புறம் இருக்கும் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு இரண்டு பொருள்களையும் அங்கே சேர்க்க வேண்டும். உடனே ஓரத்துச் சுவர் மினுங்கும். அதைத் தாண்டிப் போகலாம்!

அப்பால் ஒரு ரகசிய அறை. "இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட்" என்ற ஆங்கில எழுத்துக்கள் பல வண்ணத்தில் மின்னும்.

கடிதம் வந்தது

விளையாட்டு கடைக்கு வருமுன்பே, 1979-ல் ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டார். கம்பெனிக்கு விஷயமே தெரியாது.

ஓர் அமெரிக்கச் சிறுவன் ரகசிய அறையைக் கண்டுபிடித்து, கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். அதைப் படித்த பிறகுதான் அதிகாரிகளுக்கு உண்மை தெரிந்தது!

பெயரை நீக்கலாமா என்று யோசித்தார்கள். அதற்குப் புதிய சில்லு செய்ய வேண்டும். செலவு அதிகம். போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஈஸ்டர் பண்டிகையில் பெரியவர்கள் முட்டைகளை ஒளித்து வைப்பார்கள், குழந்தைகள் தேடி எடுப்பார்கள். அதுபோல இதுவும் இருக்கட்டும் என்றார் ஒரு நிர்வாகி. விளையாட்டுகளில் ஒளித்து வைக்கும் இத்தகைய ரகசியங்களை இன்று உலகமெங்கும் "ஈஸ்டர் முட்டை" என்றே அழைக்கிறார்கள்.

2018-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த "ரெடி பிளேயர் ஒன்" படத்தின் இறுதிக் கட்டத்திலும் இந்த ரகசிய அறை வருகிறது. பெட்டியின்மேல் இடம் கிடைக்காத பெயரை இன்று உலகமே அறியும்.