ஒரு எலிச் சோதனையும் மூன்று லட்சம் பேரின் குடிநீரும்

2014 ஜனவரி 9 காலை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத் தலைநகரான சார்ல்ஸ்டனில், எல்க் ஆற்றங்கரை முழுக்க அதிமதுர வாடை. நிலக்கரியைக் கழுவப் பயன்படும் எம்.சி.எச்.எம். என்ற ரசாயனம் ஒரு நிறுவனத்தின் தொட்டியிலிருந்து கசிந்து ஆற்றில் கலந்துவிட்டது. சற்றுத் தள்ளி, அதே ஆற்றில்தான் சுமார் 3 லட்சம் பேருக்கான குடிநீரை எடுக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று அன்று மாலையே அறிவிப்பு வந்தது.

மக்கள் கேட்டது ஒன்றுதான்: தண்ணீரில் இந்த ரசாயனம் எவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை? பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் பொருள்தான். ஆனால் அதன் நச்சுத்தன்மை பற்றி வெளியான ஆய்வு ஏறக்குறைய எதுவும் இல்லை. தயாரிப்பாளரிடம் மட்டும், வெளியிடப்படாத சில எலிச் சோதனை அறிக்கைகள் இருந்தன.

அவற்றில் ஒன்றை வைத்து அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்குப் போட்டது. 28 நாள் நடந்த சோதனையில், ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 100 மில்லிகிராம் வரை கொடுத்தும் எலிகளுக்குப் பாதிப்பு தெரியவில்லை. எலியைவிட மனிதர் எளிதில் பாதிக்கப்படலாம் என்று அதை 10ஆல் வகுத்தார்கள். மனிதருக்கு மனிதர் தாங்கும் சக்தி வேறுபடும் என்று இன்னொரு 10. தரவு போதாது என்பதற்காக மேலும் ஒரு 10. மிஞ்சியது 0.1 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தை தினமும் 1 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பு கிடைக்கும்.

பிறகு சுயேச்சையான நிபுணர் குழு ஒன்று அதே அறிக்கையை எடுத்து வைத்து அலசியது. எலிகளுக்கு வாரத்தில் 5 நாள்தான் ரசாயனம் கொடுக்கப்பட்டிருந்தது. எனவே 100 என்பது 71 ஆனது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் வயிற்றுக்குள், அதன் எடையோடு பார்த்தால் பெரியவர்களைவிட அதிகத் தண்ணீர் போகிறது. குளிக்கும்போது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ரசாயனம் உள்ளே போகும். இவற்றையும் சேர்த்தபோது வரம்பு 0.12 மில்லிகிராமுக்கு இறங்கியது. முதல் எண்ணில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு!

முதலில் கணக்கிட்டவர்கள் அசட்டையாக இருந்துவிடவில்லை. நெருக்கடியில், கையில் கிடைத்த சொற்பத் தரவை வைத்துச் செய்தார்கள். நிதானமாகப் பல துறையினர் கூடிப் பார்த்தபோது விடுபட்டவை தெரிந்தன. ரசாயன அபாய மதிப்பீடு என்பது கூட்டு வேலை. ஒவ்வொரு அனுமானத்தையும் இன்னொருவர் சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

அதற்கான ஏற்பாடுகள் உருவாகியும் வருகின்றன. ஐரோப்பாவில் 2007-இல் அமலுக்கு வந்த 'ரீச்' சட்டப்படி, ஒரே பொருளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் விலங்குச் சோதனைத் தரவுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டே ஆக வேண்டும். பல நாடுகளின் ரசாயனத் தகவல்களை ஒரே இடத்தில் தேட, நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்புக்கான ஓ.இ.சி.டி. அமைப்பின் 'இ-கெம்போர்ட்டல்' உதவுகிறது. அதே அமைப்பு தரும் 'க்யூசார் டூல்பாக்ஸ்' மென்பொருளில், சோதிக்கப்படாத பொருளின் நச்சுத்தன்மையை அதே போன்ற கட்டமைப்புள்ள பொருட்களை வைத்து ஊகிக்கலாம். அமெரிக்காவும் தன் நச்சுப் பொருள் சட்டத்தை 2016-இல் திருத்தியது.

ஆனாலும் எந்தக் கருவியும் தன்னிடம் வந்து சேர்ந்த தரவை வைத்துத்தான் பேச முடியும். தயாரிப்பு முறையை வணிக ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். நச்சுத்தன்மையை அப்படி மறைக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. சோதனை முடிவுகள் பொதுவில் வர வேண்டிய நேரம், பொருள் சந்தைக்கு வரும் நாள். தொட்டி கசிந்த பிறகு அல்ல.