படகு இருக்கிறதா?

2017 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரமும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டிருந்தன. இரண்டு நாளுக்கு முன் கரையைக் கடந்த ஹார்வி புயல் ஊரைவிட்டு நகர மறுத்து, கொட்டித் தீர்த்தது. அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தவர்களில் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. அப்போது ஹாரிஸ் கவுண்டியின் தலைவர் எட் எம்மெட் தொலைக்காட்சியில் தோன்றி ஒரு வேண்டுகோள் விடுத்தார். படகோ, வெள்ளத்தில் ஓடக்கூடிய உயரமான வண்டியோ வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தாரைக் காப்பாற்றக் கிளம்பி வாருங்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது.

பணக்கார நாட்டின் பெரிய நிர்வாகம் ஒன்று கைவிரித்துவிட்டதாகத்தான் கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்று தேடிப்பிடித்து, தேவைப்படும் இடத்துக்கு அதை அனுப்பிவைப்பதுதான் ஒரு கவுண்டியின் பேரிடர் நிர்வாகம் செய்யும் முக்கால்வாசி வேலை. அதனிடம் பெரும்படை எதுவும் கிடையாது. அதனிடம் இருப்பது ஒரு கட்டுப்பாட்டு அறை, ஒரு சட்டம், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டிய ஒரு மனிதர்.

கவுண்டி என்பதை நம் மாவட்டம்போல எண்ணிக்கொள்ளலாம். ஹாரிஸ் கவுண்டி மக்கள்தொகையில் அமெரிக்காவிலேயே மூன்றாவது பெரியது. 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். ஆனால் ஆட்சியர் என்று யாரும் மேலிருந்து நியமிக்கப்படுவதில்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘கவுண்டி ஜட்ஜ்’தான் தலைவர். பெயரில் நீதிபதி, செய்வதோ நிர்வாகம். அவரும் நான்கு கமிஷனர்களும் கூடும் சபைக்குக் ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ என்று பெயர். அங்கேயும் வழக்கு நடப்பதில்லை. வரவுசெலவும் சாலையும் சாக்கடையும்தான் பேசப்படும்.

டெக்சஸின் 1975ஆம் ஆண்டுப் பேரிடர்ச் சட்டத்தின் வழியில், இந்த ஜட்ஜ்தான் கவுண்டியின் அவசரகால மேலாண்மை இயக்குநர். பதவியேற்கும் நாளிலேயே அந்தப் பொறுப்பும் தோளில் ஏறிவிடுகிறது. பேரிடர் நிலையை அறிவிக்கவும், ஆபத்தான பகுதியிலிருந்து மக்களை வெளியேறச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கடிவாளமும் உண்டு. அவர் தனியாக அறிவித்த பேரிடர் நிலை ஏழு நாளைத் தாண்ட வேண்டுமானால் கமிஷனர்ஸ் கோர்ட் சம்மதிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், கவுண்டிக்குள் ஹூஸ்டனையும் சேர்த்து 34 நகரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேயரும் தம் எல்லைக்குள் இதே அதிகாரம் கொண்டவர். ஜட்ஜ் அவர்களுக்கு மேலதிகாரி அல்ல. எந்த நகராட்சிக்குள்ளும் வராத புறப்பகுதிகளில் வசிக்கும் ஏறக்குறைய 20 லட்சம் பேருக்குத்தான் அவர் நேரடிப் பொறுப்பு. அதனால் புயல் வரும்போது அதிகாரத்தைவிட தொலைபேசிதான் அவருக்கு அதிகம் பயன்படுகிறது. ஹார்வியின்போது எம்மெட்டும் ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னரும் ஒரே குரலில் பேசினார்கள். பேசாமல் போயிருந்தால் தெருவுக்கு ஓர் உத்தரவு இருந்திருக்கும்.

இந்த ஒருங்கிணைப்பை அன்றாடம் செய்வது, உள்நாட்டுப் பாதுகாப்பு மற்றும் அவசரகால மேலாண்மை அலுவலகம். ஹூஸ்டனில் ‘டிரான்ஸ்டார்’ என்ற கட்டடத்தில் அதன் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைத் துறை, கவுண்டி, ஹூஸ்டன் நகராட்சி, பேருந்துக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து போக்குவரத்தைக் கண்காணிக்க உருவாக்கிய இடம் அது. பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை ஏன் போக்குவரத்து மையத்தில் இருக்கிறது என்று கேட்கலாம். ஹூஸ்டனில் மழை பெய்தால் முதலில் மூழ்குவது சாலை. சுரங்கப்பாதையில் கார் மிதப்பது அங்குள்ள கேமராவில்தான் முதலில் தெரியும்.

அந்த அறை நான்கு படிநிலைகளில் இயங்குகிறது. நான்காம் நிலை சாதாரண நாள். மூன்றில் கவனம் கூடும். இரண்டில் ஆட்கள் வரவழைக்கப்படுவார்கள். முதல் நிலை வந்துவிட்டால் இரவுபகல் பாராமல் எல்லா நாற்காலியும் நிறைந்திருக்கும். ஷெரீஃப் துறை, தீயணைப்பு, பொது சுகாதாரம், வெள்ளக் கட்டுப்பாடு, வானிலை, மின் நிறுவனம், செஞ்சிலுவைச் சங்கம் என்று ஒவ்வொன்றின் பிரதிநிதியும் கூப்பிடு தூரத்தில் அமர்ந்திருப்பார். ஒரு முதியோர் இல்லத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால் சுகாதாரத் துறை மின் நிறுவனத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. பக்கத்து மேசையைத் தட்டினால் போதும்.

இந்த ஏற்பாட்டின் வேர் டெக்சஸில் இல்லை. 1970இல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ 13 நாள் எரிந்து 16 பேர் இறந்தார்கள். தீயை அணைக்க வந்த துறைகளுக்குள் ஒருவர் வானொலி மற்றவருக்குக் கேட்கவில்லை; ஒருவர் பயன்படுத்திய சொல் இன்னொருவருக்கு வேறு பொருள் தந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘நிகழ்விடக் கட்டளை முறை’. தலைமை, களப்பணி, திட்டமிடல், பொருள் வழங்கல், கணக்கு என்று ஐந்து பிரிவு. ஒருவருக்குக் கீழே ஏழு பேருக்கு மேல் கூடாது. சங்கேத எண் வேண்டாம், சாதாரண மொழியில் பேசு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இந்த முறை நாடு முழுவதற்கும் பொதுவாக்கப்பட்டது. எங்கிருந்து எந்தத் தீயணைப்பு வண்டி வந்தாலும், யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது அந்தக் குழுவுக்குத் தெரியும்.

இப்படி ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு பழைய சாவு இருக்கிறது. 1929, 1935 வெள்ளங்கள் ஹூஸ்டனைச் சிதைத்த பிறகு, 1937இல் கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டு அமைப்பு தொடங்கியது. ‘பேயூ’ என்று அங்கே அழைக்கப்படும் மந்தமான ஓடைகளும் கால்வாய்களுமாக ஏறத்தாழ 4,000 கி.மீ. நீர்வழிகளை அது பராமரிக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களில் மழையையும் நீர்மட்டத்தையும் அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருக்கிறது. ஹார்வி நாட்களில் அந்த அமைப்பின் வானிலை வல்லுநர் ஜெஃப் லிண்ட்னர் தூக்கமின்றித் தொலைக்காட்சியில் நின்று, எந்த ஓடை எப்போது கரை தாண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் எங்காவது ஓய்வெடுத்துவிட்டு வரட்டும் என்று மக்கள் இணையத்தில் பணம் திரட்டும் அளவுக்கு அந்தக் குரல் வீட்டுக்கு வீடு நெருக்கமாகிவிட்டது.

ஹார்வி கொட்டிய நான்கு நாளில் ஹாரிஸ் கவுண்டி மீது மட்டும் பெய்த மழை 1 லட்சம் கோடி காலன் என்று கணக்கிட்டார்கள். நம் கணக்கில் சுமார் 134 டிஎம்சி. மேட்டூர் அணை நிரம்பி வழிந்தாலும் கொள்ளளவு 93.47 டிஎம்சிதான். ஓரிடத்தில் 120 செ.மீ. பதிவாயிற்று, கிட்டத்தட்ட அந்த ஊர் ஓராண்டில் பார்க்கும் மழை அது.

அப்படியானால் மக்களை ஏன் முன்கூட்டியே வெளியேற்றவில்லை? எம்மெட்டும் டர்னரும் அதிகம் எதிர்கொண்ட கேள்வி இது. விடை 2005இல் இருக்கிறது.

கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை அழித்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ரீட்டா புயல் ஹூஸ்டனை நோக்கி வந்தது. கடலோரத்தார் வெளியேற வேண்டும் என்று அறிவிப்பு. ஆனால் கத்ரீனாவைக் கண்ட பயத்தில், போகவேண்டிய அவசியமே இல்லாதவர்களும் காரைக் கிளப்பினார்கள். 25 லட்சம் பேருக்கு மேல் சாலைக்கு வந்தார்கள். கொதிக்கும் வெயிலில் கார்கள் மணிக்கணக்கில் நின்றன, பெட்ரோல் தீர்ந்தது. முதியோர் இல்லத்திலிருந்து கிளம்பிய ஒரு பேருந்து டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் மாண்டார்கள். புயலோ திசை மாறி வேறிடத்தில் கரையேறியது. டெக்சஸில் காற்றும் நீரும் கொன்றதைவிட, தப்பி ஓடிய சாலை கொன்றதுதான் அதிகம்.

அதற்குப் பிறகு கவுண்டி கற்றுக்கொண்ட பாடத்தை அங்கே ஒரே வரியில் சொல்வார்கள்: தண்ணீர் வந்தால் ஓடு, காற்று வந்தால் ஒளிந்துகொள். கடல் நீர் ஏறக்கூடிய பகுதிகள் அஞ்சல் குறியீட்டு வாரியாகப் பிரிக்கப்பட்டன. எந்தக் குறியீட்டுக்காரர் எப்போது கிளம்ப வேண்டும் என்பது வரைபடமாயிற்று. நெடுஞ்சாலையின் இரு பக்கத்தையும் ஒரே திசையில் ஓடவிடும் திட்டமும் வந்தது. 2008இல் ஐக் புயல் வந்தபோது எம்மெட் இந்த வரைபடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். கடலோரக் குறியீடுகள் மட்டும் கிளம்புங்கள், மற்றவர்கள் வீட்டிலேயே பதுங்கியிருங்கள் என்றார். சாலைகள் திணறவில்லை.

ஆனால் ஹார்வி கடலேற்றமாக வரவில்லை, மழையாக வந்தது. 47 லட்சம் பேரில் யார் வீட்டில் தண்ணீர் புகும் என்று மூன்று நாள் முன்பே யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. எல்லோரையும் அனுப்பினால், வெள்ளம் வரும் வேளையில் அவர்கள் இருக்கும் இடம் சாலை. ஹார்வி வெள்ளத்தில் கவுண்டியில் 36 பேர் இறந்தார்கள். ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு மேல் நீர் புகுந்தது. மக்களை வெளியேற்றாத முடிவு சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ரீட்டாவின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் எம்மெட் பக்கம் நிற்கிறார்கள்.

ஹூஸ்டனுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. கப்பல் கால்வாயின் இருகரையிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும் வரிசைகட்டி நிற்கின்றன. எந்த ஆலையில் என்ன நச்சுப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று உள்ளூர் நிர்வாகத்துக்கும் மக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்று 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதைத் தூண்டியது 1984இல் போபாலில் நடந்த விஷவாயுக் கசிவு. ஹாரிஸ் கவுண்டியின் ஆலைப் பகுதிகளில் இன்று கூடிப் பேசும் அவசரகாலத் திட்டக் குழுக்கள் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்.

2019 மார்ச் 17 அன்று அந்தக் குழுக்களுக்குச் சோதனை வந்தது. டீர் பார்க் நகரில் ஒரு ரசாயனச் சேமிப்புக் கிடங்கு தீப்பற்றி, கரும்புகை நாள்கணக்கில் ஹூஸ்டன் வானத்தை மூடியது. தீ அணைந்த மறுநாளே காற்றில் பென்சீன் கூடியதால், வீட்டுக்குள்ளேயே இருங்கள், கதவு சன்னலை அடையுங்கள், ஏசியை அணையுங்கள் என்று அறிவித்தார்கள். அப்போது ஜட்ஜ் நாற்காலியில் எம்மெட் இல்லை. முந்தைய நவம்பரில் அவரைத் தோற்கடித்த லீனா ஹிடால்கோ பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. தேர்தலில் வென்றபோது அவருக்கு வயது 27. காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளப்பதற்குக் கவுண்டியிடமே போதிய கருவியும் ஆளும் இல்லை என்பதை அந்தத் தீ காட்டிக்கொடுத்தது. பின்னர் அவற்றுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது.

பணம் என்றதும் ஒரு விஷயம். கட்டுப்பாட்டு அறையில் யாரும் கவனிக்காத மூலையில் கணக்குப் பிரிவு உட்கார்ந்திருக்கும். பேரிடர்ச் செலவு கவுண்டியின் கையை மீறினால் ஆளுநர் வழியாகக் குடியரசுத் தலைவரிடம் கோரிக்கை போகும். அவர் பெரும் பேரிடர் என்று அறிவித்தால், தகுதியுள்ள பொதுச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் மத்திய அரசு ஏற்கும். ஆனால் ஜேசிபி எத்தனை மணி நேரம் ஓடியது, யார் ஓட்டினார், எந்தத் தெருக் குப்பை எங்கே கொட்டப்பட்டது என்று காகிதம் காட்ட வேண்டும். தண்ணீர் இடுப்பளவு நிற்கும்போதும் ரசீதைப் பத்திரப்படுத்துவது அந்த வேலையின் பகுதி. மீதிப் பணம் சொந்தப் பையிலிருந்துதான். ஹார்வி கரை கடந்த அதே தேதியில், ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்ட் 25 அன்று, வெள்ளத் தடுப்புக்காக 250 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று கவுண்டி வாக்கெடுப்பு நடத்தியது. வரி கூடும் என்று தெரிந்தே 85 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

எல்லாம் கவுண்டியின் கையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹார்வியின்போது ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களின் மதகைத் திறந்தது ராணுவப் பொறியாளர் பிரிவு; நனைந்தது கவுண்டி மக்களின் வீடு. 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்து, ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் மின்சாரம் போனது. கம்பியைக் கட்டவேண்டியது தனியார் நிறுவனம். வெயிலில் தவித்தவர்களுக்குக் குளிர்ச்சியான இடங்களைத் திறந்துவிடுவதுதான் நிர்வாகத்தால் முடிந்தது.

அதனால்தான் ஜூன் 1இல் புயல் பருவம் தொடங்கும்போதெல்லாம் அந்த அலுவலகம் ஒவ்வொரு வீட்டுக்கும் அதே பட்டியலை நினைவூட்டுகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர், கெடாத உணவு, மருந்து, டார்ச், பேட்டரி ரேடியோ, நனையாத உறையில் பத்திரங்கள். படகு அந்தப் பட்டியலில் இல்லை.