வங்காளதேசத்துக் குடிநீரும் ஆசனிக்கும்

தெளிந்த நீரெல்லாம் நன்னீர் என்று கொள்வது மக்கள் வழக்கம். கலங்கல் நீரை வடித்தெடுக்கலாம். நோய்க்கிருமி கலந்த நீரைக் கொதிக்கவைத்துப் பருகலாம். ஆயின் நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது நீரிற் கரைந்து நிற்கும் ஆசனிக்கு என்னும் நஞ்சுக்கு இவ்விரு முறைகளும் பயன்படா. கொதிக்கவைப்பின் நீர் ஆவியாகிக் குறையுமேயன்றி நஞ்சு குறையாது. எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவுஞ் செய்யும். சித்த மருத்துவ நூல்கள் தாளகம், மனோசிலை எனக் கூறுபவை ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிப்பொருள்களேயாம். எனினும் இங்கு ஆராயப்படுவது மருத்துவர் செப்பிலடைத்த பாடாணமன்று. ஓர் இலீற்றர் நீருக்கு 10 மைக்கிரோகிராம், அஃதாவது ஒரு மில்லிகிராமின் நூறிலொரு பங்கு, என்பதே உலக சுகாதார தாபனம் 1993 இல் வகுத்த வழிகாட்டி அளவு. வங்காளதேசம் கைக்கொண்ட எல்லையோ 50 மைக்கிரோகிராம்.

அந்நாட்டில் இந்நஞ்சு பரவிய வரலாறு இரங்கத்தக்கது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகிய குழந்தைகள் வயிற்றோட்டத்தாலும் வாந்திபேதியாலும் மடிவதைத் தடுக்கும் பொருட்டு, 1970 ஆம் ஆண்டுகளில் அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை இறக்குவித்தன. நோக்கம் நல்லதே. நிலத்தடி நீரில் ஆசனிக்கு உண்டோ எனச் சோதிக்கும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை. 1983 இல் மேற்கு வங்காளத்து நோயாளர் சிலரின் தோலிற் கண்ட புள்ளிகளும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கண்ட தடிப்புகளும் ஆசனிக்கின் விளைவே எனக் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா கண்டறிந்தார். பத்தாண்டு கழித்து எல்லைக்கு அப்பால் சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டக் கிணறுகளிலும் அது காணப்பட்டது. 1998, 1999 ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த ஆய்வில், 150 மீற்றருக்கு உட்பட்ட ஆழமுடைய கிணறுகளுள் நூற்றுக்கு 27 அந்நாட்டின் எல்லையைக் கடந்திருந்தன. நெடுங்காலம் இந்நீரைப் பருகுவோர்க்குத் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் ஆகியவற்றிற் புற்றுநோய் தோன்றுகிறது.

இந்நஞ்சு தொழிற்சாலைக் கழிவினால் வந்ததன்று. இமயமலைப் பாறைகள் சிதைந்து, கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்ந்த வண்டலில், மணற்றுணிக்கைகளைப் போர்த்த இரும்பு ஒட்சைட்டுப் படலத்தில் ஆசனிக்கு ஒட்டியிருந்தது. வண்டலோடு புதையுண்ட தாவரப் பொருள்களை உண்ணும் பற்றீரியாக்கள் அங்குள்ள ஒட்சிசன் தீர்ந்தபின் அவ்விரும்பைத் தாழ்த்தி நீரிற் கரையச் செய்கின்றன. இரும்பு கரையவே, அது பற்றியிருந்த ஆசனிக்கும் நீரிற் கலக்கிறது.

நஞ்சை விடுவித்த அவ்விரும்பே அதனை மீளப் பிடிக்கவும் வல்லது. குழாய்க் கிணற்று நீரைக் குடத்தில் வைத்திருப்பின் காற்றுப்பட்டு மஞ்சள் நிறத் துரு படிவதை அங்குள்ள இல்லத்தரசியர் நன்கறிவர். அத்துரு ஆசனிக்கின் ஒரு பங்கைத் தன் மேற்பரப்பிற் பற்றிக்கொள்ளும். இது புறத்துறிஞ்சல் எனப்படும். ஆனால் நிலத்தடி நீரில் ஆசனிக்கின் பெரும்பகுதி மின்னேற்றமற்ற வடிவில் உள்ளமையால் எளிதிற் பிடிபடாது. அதனை ஒட்சியேற்றினால் எதிரேற்றம் பெற்றுத் துருவோடு இறுகப் பிணையும். நீரிற் பொசுபேற்று மிகுந்திருப்பின் அதுவும் துருவில் இடம்பிடிக்கப் போட்டியிடும். ஆகவே ஓரூரிற் பயன்பட்ட முறை மற்றோரூரிற் பயன்படாதுபோவது வியப்பன்று.

இவ்வறிவைக் கொண்டெழுந்ததே மூன்று குட வடி. மேற்குடத்தில் இரும்புத்தூளும் மணலும், நடுக்குடத்தில் கரியும் மணலும் இட்டுக் கீழ்க்குடத்தில் நீரைச் சேர்ப்பர். செலவு சிறிது, ஆயின் நாளடைவில் இரும்புத்தூள் கட்டியாக இறுகி நீரோட்டத்தைத் தடுத்தது. குஷ்டியாவிற் பிறந்து அமெரிக்காவில் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இரசாயனங் கற்பித்த அபுல் உசாம் இக்குறையை நீக்க முயன்று, நுண்டுளைகள் கொண்ட இரும்புக் கலவையை இரு வாளிகளுள் மணல், கரி, செங்கற்றுண்டு ஆகியவற்றோடு அமைத்தார். சோனோ எனப்படும் அவ்வடிக்கு 2007 இற் கிரேஞ்சர் பரிசு கிடைத்தது. மின்சாரமும் வேண்டாத இவ்வெளிய சாதனம் பெரும்பொருட் செலவில் அமையும் ஆலைகளினும் சிற்றூருக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எவ்வடியும் என்றென்றும் பிடித்துக்கொண்டிராது. இரும்பின் மேற்பரப்பு நிரம்பியபின் நஞ்சு கீழிறங்கும். அந்நீரும் முன்போலவே தெளிந்திருக்கும். இடையிடையே சோதித்தாலன்றி அதனை அறியவியலாது. கிணறுகளுக்கும் இஃதொக்கும். 2000 முதல் 2003 வரை ஏறக்குறைய 50 இலட்சங் கிணறுகளைச் சோதித்து, நஞ்சு மிகுந்தவற்றுக்குச் சிவப்பும் ஏனையவற்றுக்குப் பச்சையும் பூசினர். பச்சைக்கு எல்லை 50 மைக்கிரோகிராம் என்பதை மறத்தலாகாது. 40 மைக்கிரோகிராம் கொண்ட கிணறும் பச்சையே. அஃது உலக சுகாதார தாபனத்தின் அளவினும் நான்கு மடங்கு. அயல்வீட்டுப் பச்சைக் கிணற்றை நாடிக் குடத்தோடு நடந்த பெண்கள் இதனை அறிந்திருக்க வழியில்லை. மழையிலும் வெயிலிலும் அப்பூச்சு மங்கியது. அதன்பின் தனியார் இறக்கிய கிணறுகள் பலவற்றுக்கு எந்நிறமும் பூசப்படவில்லை.