திருக்கயிலாய யாத்திரை செல்வோர் அறியத்தக்கவை

திபெத்தில் 6,638 மீட்டர் உயரமுடையதாய் விளங்குவது திருக்கயிலாயம். அதன் முடிமேல் ஏறுதல் மரபன்று. மலையை வலம்வருதலே வழிபாடு. ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியைப் பெரும்பாலோர் மூன்று நாள்களில் நடந்து நிறைவு செய்வர்.

1981ஆம் ஆண்டு தொடங்கி இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்திவந்த இவ்யாத்திரை, 2020 முதல் ஐந்தாண்டுகள் தடைப்பட்டு, 2025இல் மீண்டும் நடைபெற்றது. உத்தரகாண்டத்து லிபுலேக் கணவாய், சிக்கிமின் நாதுலா கணவாய் என வழிகள் இரண்டு. 18 வயது நிரம்பி 70 வயதுக்கு மேற்படாதவராய், தில்லியில் மருத்துவச் சோதனையில் தேறியவரே செல்லலாம் என்பது விதி.

அச்சோதனையின் காரணத்தை அன்பர்கள் உணர்தல் வேண்டும். நம் அதிராம்பட்டினம் கடலை அடுத்த ஊர். வலம்வரும் வழியிலுள்ள டோல்மா கணவாயோ 5,630 மீட்டர் உயரமுடையது. அருள்மிகு அபயவரதீஸ்வரர் சந்நிதியில் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியே அங்குண்டு. அதற்கு உடல் மெல்லமெல்லவே இசையும். ஆதலின் 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்குமிடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாதிருத்தல் நன்று. மூன்று நான்கு நாள்களுக்கொருமுறை ஒருநாள் ஓய்வும் வேண்டும். நாள்களைச் சுருக்கிய பயணத்திட்டத்தைத் தேர்ந்து கொள்ளற்க.

மேடு காணாத வயல்நாட்டினராகிய நாம் சில திங்கள் முன்னரே நாள்தோறும் நடந்தும் படியேறியும் பழகுதல் வேண்டும். ஆயினும் கால்வலிமை வேறு. உயரத்திற்கு உடல் இசைதல் வேறு. வலிமைமிக்க இளைஞரையும் உயரநோய் பற்றும். தலைவலியும் குமட்டலும் தோன்றின் மேலே ஏறாது தங்குக. ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினும், நடை தள்ளாடினும், அறிவு மயங்கினும் உடனே கீழிறங்குக. தாமதம் உயிரைப் போக்கும். நோயை மறைத்து நடத்தல் பக்தியாகாது.

கயிலைக்குச் சென்ற திருநாவுக்கரசர், கால் தேய்ந்த பின் கையூன்றியும் மார்பால் உந்தியும் சென்றமையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கின்றார். காணாமல் மீள்வதில்லை என்று உறுதிபூண்ட அவ்வடியாரையே இறைவன் தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்குவித்து, நம் திருவையாற்றுக் குளத்தில் எழச்செய்து, அங்கேயே கயிலைக் காட்சி அருளினான். ஆடி அமாவாசைதோறும் ஐயாறப்பர் திருக்கோயிலில் அவ்விழா நிகழ்கின்றது.

ஆகவே உடல்நலம் கருதி இடைவழியில் மீள்பவர் கயிலையை இழந்தவராகார். அவர்க்குத் திருவையாறு உண்டு. செல்வோர் யாவரும் நலமே சென்று மீளத் திருவருள் துணைநிற்பதாக.